ஆடியிற் கண்ட கூதிர்

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பள்ளியிற் பயின்ற நாளிலேயே இதனை மனப்பாடம் செய்தவர்கள் நாம். குறிஞ்சி நிலத்திற்குக் கூதிரும் முன்பனியும் உரியவை எனத் தொல்காப்பியம் வகுத்திருப்பதையும் அறிவோம். ஆயினும், இந்தக் கணக்கை நம்பி ஆனித் திங்களில் ஒருவர் தேவிகுளத்திற்கோ பீருமேட்டிற்கோ செல்வாராயின் திகைத்துப் போவார். ஏட்டில் அது முதுவேனில். கண்ணெதிரே நிற்பதோ கூதிர். மலையின் உருவம் தெரியாதபடி மஞ்சு மூடியிருக்கும். நாள் முழுதும், சில வேளைகளில் கிழமை முழுதும், மழை விடாது பெய்யும். பற்கள் கிட்டிக்கொள்ளும் குளிர் எலும்பிற்குள் இறங்கும். கதிரவன் என்று ஒருவன் இருப்பதே ஐயமாகிவிடும்.

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் மூவேந்தர் பெருமையும், கோயிற் சிற்பங்களும், புலவர் வரலாறுகளும் பல முறை இடம்பெற்றுவிட்டன. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் மலைக்கு மேற்கே வந்து குடியேறிய தமிழராகிய நமக்கு மற்றொரு வரலாறும் உண்டு. அது மழையின் வரலாறு. நம்மவர் தாய்நாட்டை விட்டு மலையேறிய அன்று முதலில் எதிர்கொண்டது வேற்று மொழியும் அன்று, வேற்று அரசும் அன்று, இந்த மழைதான். அதனை எழுதி வைத்தோர் மிகச் சிலர். இவ்வாண்டு மலரில் அதனைச் சிறிது எழுத எண்ணினோம்.

ஒரே திங்களில் மலைக்கு இப்புறம் வெள்ளமும் அப்புறம் புழுதியும் இருப்பதன் காரணம் நம்மில் பலரும் அறிந்ததே. அரபிக் கடலின் ஈரத்தைச் சுமந்து ஜூன் முதல் வாரத்தில் வந்து சேரும் தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, தன் சுமையை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி அதற்குப் பெருந்தடை. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது காற்று மட்டுமே எஞ்சும். மூணாற்றில் ஓராண்டில் பெய்யும் மழை 3,000 மில்லிமீட்டருக்கும் மேலாகும். அங்கிருந்து மறையூர் வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் வரும் சின்னாற்றில் 500 மில்லிமீட்டர் அளவே. ஒரு பகற் பயணத்தில் தேயிலைக் காட்டிலிருந்து முட்காட்டிற்கு வந்துவிடுகிறோம். மூணாற்றுச் சாலையில் நனைந்த துணி சின்னாற்றை அடையுமுன் உடம்பிலேயே உலர்ந்துவிடும் என்பர். நாமும் அதனைப் பட்டறிந்திருக்கின்றோம்.

பாலக்காட்டின் செய்தி வேறு. அங்கே மலைத்தொடர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு அறுந்து கிடக்கிறது. அந்த வாயில் வழியாகத்தான் தென்மேற்குக் காற்று கோவைக்கும் பல்லடத்திற்கும் உடுமலைக்கும் பாய்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் ஊர்களில் சொல்வது அக்காற்றைத்தான். கிழக்கே இருப்பவனுக்கு ஆடி என்றால் காற்று. அம்மன் கோயிற் கூழ். பட்டம் பார்த்து விதைப்பு. தன் ஊரில் பெய்யாத மழையால், எங்கிருந்தோ வரும் புதுவெள்ளத்தைப் பதினெட்டாம் நாள் ஆற்றங்கரையில் நின்று வணங்குவான். அதே திங்களுக்கு மலையாளிகள் கர்க்கடகம் என்று பெயரிட்டுப் பஞ்ஞக் கர்க்கடகம் என்று அஞ்சினர். வேலை இல்லை, களஞ்சியத்தில் நெல் இல்லை, வெளியே இறங்க இயலாது என்ற பஞ்சத் திங்கள் அது. மலைக்கு அப்பால் விதைப்பின் தொடக்கம். இப்பால் பட்டினியின் உச்சம். இவ்விரண்டையும் ஓர் உடம்பில் அறிந்தவர்கள் எல்லைப்புறத் தமிழர்களே.

மலையேறிய தமிழர் கதை தேயிலையோடு தொடங்கியதன்று. இடுக்கி மலைகளில் வாழும் முதுவர், தாங்கள் மதுரையிலிருந்து மீனாட்சியம்மையின் திருவுருவை முதுகிற் சுமந்து மலையேறியவர்களின் வழிவந்தோர் என்று வழிவழியாகக் கூறுகின்றனர். மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊரார்க்கும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த மரபுக் கதை உண்டு. இக்கதைகளுக்கு ஆண்டு கேட்பது பயனற்றது. ஆனால் ஒன்றைக் கருதுதல் வேண்டும்: அஞ்சுநாட்டார் குடியமர்ந்தது மழை குறைந்த கிழக்குப் பள்ளத்தாக்கில். எங்கே இருப்பது என்பதை அவர்களே தேர்ந்தார்கள். முதுவரும் அவ்வாறே காடறிந்து குடியிருப்பை அமைத்தனர். பின்னால் வந்த நம்மவர்க்கு அந்த உரிமை வாய்க்கவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தோர்க்குக் கடல் கடந்த இலங்கையும் மலை கடந்த திருவிதாங்கூரும் புகலிடமாகத் தோன்றின. திருவிதாங்கூர் அன்று வேறோர் அரசரின் நாடு. நாணயம் வேறு, சட்டம் வேறு, ஆண்டுக் கணக்கும் வேறு. போடிநாயக்கனூரிலிருந்து ஒரு பகலில் நடந்து ஏறிவிடும் தொலைவில் இருந்ததனால் அதனை வெளிநாடு என்று நாம் எண்ணுவதில்லை. ஏறியவர்களுக்கு அது வெளிநாடே.

அப்பஞ்சக் காலத்தின் நடுவிலேதான், 1877-இல், ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். அஞ்சுநாட்டில் வாழ்ந்த கண்ணன் தேவன் என்னும் தமிழ்த் தலைவரின் பெயரே அம்மலைகளுக்கு வழங்கியது என்பர். 1879-இல் தோட்டமிடுவோரின் சங்கம் ஒன்று அமைந்தது. காப்பியும் சின்கோனாவும் பயிரிட்டுப் பார்த்தனர். 1880-இல் ஷார்ப் என்பவர் தேயிலையை ஊன்றினார். 1897-இல் கண்ணன் தேவன் மலைவிளைபொருட் கம்பெனி தோன்றியபின் காடுகள் விரைந்து அழிந்து மலைமுகமெங்கும் தேயிலை பரவியது.

தெற்கே பெரியாற்றிலும் அக்காலத்திலேயே மற்றொரு பெருமுயற்சி நடந்தது. 1886-இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதப்பெற்றது. 1887-இல் தொடங்கிய அணை வேலை பென்னிகுவிக் அவர்களின் மேற்பார்வையில் நடந்து 1895-இல் நிறைவெய்தியது. மழைக்காலத்து வெள்ளம் கட்டியதை அடித்துச் சென்றதும், காய்ச்சல் கண்டு தொழிலாளர் பலர் மாண்டதும் அந்த அணையின் வரலாற்றில் உள்ளவை. இதில் ஒரு முரண்பாட்டை நாம் பன்முறை எண்ணியதுண்டு. மழை இல்லாமையால் மதுரைச் சீமையிலிருந்து மக்கள் மலையேறினர். அவர்கள் ஏறிய மலையின் மழையோ மலையைக் குடைந்த வழியாக மதுரைச் சீமைக்கு இறங்கியது. நீர் போன வழியில் மக்கள் மீளவில்லை. பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரையும் செழித்தன. ஆனால் கயத்தாற்றுக் கரிசலுக்கும் சங்கரன்கோயிற் செம்மண்ணுக்கும் அந்நீர் எட்டவில்லை. அவ்வூரார் தொடர்ந்து மலையேறிக்கொண்டே இருந்தனர்.

கங்காணி ஊருக்கு வருவான். முன்பணம் கொடுப்பான். தேங்காயும் மாசியும் இங்கே விளைகின்றன என்று சொன்னவன் இலங்கைக் கங்காணி. மூணாற்றுக் கங்காணி அந்த அளவிற்குப் பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை. தாகத்தில் இருப்பவனிடம் 'அங்கே எப்போதும் மழை' என்றாலே போதும். அது பொய்யுமன்று! போடியிலிருந்து கொட்டகுடி வந்து, அங்கிருந்து செங்குத்தான பாதையில் டாப் ஸ்டேஷன் ஏறி, குண்டளை வழியாக மூணாறு சேர்வார்கள். கையில் ஒரு மூட்டை, உடுத்திய வேட்டி, சேலை, தோளில் பிள்ளை. கரிசற்காட்டுப் புடவை ஒன்றே அவர்களுடைய குளிர்காலத்து ஆடையும் மழைக்காலத்து ஆடையும் ஆயிற்று.

அவர்களுக்குக் கம்பளி வழங்கப்பட்டது உண்மை. அதன் விலை கணக்கில் ஏறியதும் உண்மை. முன்பணத்தோடு கம்பளிக் கடனும் சேர்ந்து, பற்றுச்சீட்டில் முதல் நாளே தொழிலாளி பின்தங்கிவிடுவான். ஆட்டுமயிரால் நெய்த அந்தக் கருங்கம்பளியை ஒரு முனையில் மடித்துத் தலையிற் கவிழ்த்துக் கொங்காணியாக இட்டுக்கொண்டு, இடுப்பிற்குக் கீழே சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பெண்கள் கொழுந்து கிள்ளினார்கள். நனைந்த கம்பளி கனக்கும், நாறும், ஆனால் சூடு போகாது. ஆதலால் அதனை விடவும் முடியாது. அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. கரிசலில் பாம்பிற்கும் தேளிற்கும் அஞ்சாது நடந்தவர்கள், கால்விரலிடுக்கில் வலியின்றி ஏறிக் குருதியுண்டு கொழுக்கும் இந்தச் சிற்றுயிரைக் கண்டு முதலாண்டில் அழுதே விட்டார்களாம். உப்பும் புகையிலைச் சாறும் சுண்ணாம்பும் காலிற் பூசிக்கொள்ளப் பிறகு கற்றார்கள்.

குடியிருப்பிற்கு லயம் என்று பெயர். வரிசை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் தொழிலாளர் வாயில் அவ்வாறு ஆயிற்று. இசையறிந்தார் செவிக்கு அச்சொல் எவ்வளவு இனிது! இங்கே அது ஒரே கூரையின்கீழ் ஒட்டி நிற்கும் அறைகளின் வரிசை. அறையொன்றில் ஒரு குடும்பம். மழைக்காலத்தில் ஈரவிறகு எரியாது புகையும். அந்தப் புகையின் மேல் பரணில் துணிகள் உலரும். எம் இல்லத்து மூதாட்டியார் ஒருவர் இளமையில் இம்மலையில் கொழுந்து கிள்ளியவர். முதுமையில் சமவெளிக்கு மீண்டபின்னும் வெயிலில் உலர்ந்த துணியை முகத்தருகே வைத்து மோந்து பார்த்த பிறகே மடிப்பார். ஏன் என்று கேட்டால், “புகை நாத்தம் இருக்கான்னு பாக்கேன்” என்பார். முப்பது ஆண்டுகள் மோந்த வழக்கம்!

அவர் காலத்து அஞ்சலட்டைகள் இரண்டு எம் குடும்பத்தில் வெகு நாள் இருந்தன. ஓர் ஆடித் திங்களில் மலையிலிருந்து ஊருக்கு ஒன்றும், அதே கிழமையில் ஊரிலிருந்து மலைக்கு ஒன்றும் எழுதப்பட்டவை. மலையிலிருந்து சென்றதில், மழை பத்து நாளாக விடவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, பிள்ளைக்குச் சளி என்றிருந்தது. ஊரிலிருந்து வந்ததில், மழை பத்து மாதமாக இல்லை, கிணறு வற்றிவிட்டது, மாட்டை விற்றாயிற்று என்றிருந்தது. இரண்டும் வழியில் எங்கோ ஒன்றையொன்று கடந்திருக்க வேண்டும். இரண்டும் பணம் கேட்டு எழுதியவை.

கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடகத்தில், அதாவது 1924 ஜூலையில், மலையாள நாட்டார் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று பெயர் சொல்லும் பெருமழை பெய்தது. தாழ்நாட்டில் அது வெள்ளம். மேலே அது மலைச்சரிவு. அந்நாளில் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை சிறு இருப்புப்பாதை ஒன்று இருந்தது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாகி நீராவி வண்டி ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குச் சென்றன. 1924-இன் மழை அந்தப் பாதையைத் துடைத்தெடுத்துவிட்டது. பாலங்கள் போயின, தண்டவாளம் போயிற்று. அது மீண்டும் போடப்படவேயில்லை. பூயங்குட்டி, மாங்குளம் வழியாக ஆலுவாயிலிருந்து ஏறிய பழைய சாலையும் மலையோடு சரிந்தது. அதே திங்களில் காவிரியிலும் வரலாறு காணாத வெள்ளம் வந்து தஞ்சைச் சீமை கலங்கியது. மேற்கே கொட்டிய அதே காற்றின் மழைதான் அங்கும் சென்றது.

அந்த வெள்ளத்தால் விளைந்த ஒரு மாறுதலை நம்மவர் போதிய அளவு கருதியதில்லை. பழைய சாலைக்கு மாற்றாக நேரியமங்கலம், அடிமாலி வழியாகப் புதுச் சாலை போடப்பட்டு, 1935-இல் நேரியமங்கலப் பாலமும் திறக்கப்பட்டது. இருப்புப்பாதை இருந்தவரை மூணாற்றின் வாயில் கிழக்கு நோக்கி, போடியை நோக்கி இருந்தது. சாலை வந்தபின் அவ்வாயில் மேற்கே கொச்சியை நோக்கியும் அகலத் திறந்தது. நாடுகளின் எல்லையை 1956-இல் வகுத்தபோது தேவிகுளமும் பீருமேடும் எங்கே சேர்வது என்று எழுந்த வழக்கை அரசியலார் பலபடப் பேசியுள்ளனர். அவ்வழக்கில் மழைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பது நம் கருத்து. 1924-இல் அந்தப் பாதை அழியாது இருந்திருப்பின் மலையின் முகம் எத்திசையை நோக்கி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. இதற்குமேல் சொல்வது வரலாறு ஆகாது.

அந்தத் தொண்ணூற்றொன்பதில் மலையில் மாண்ட தொழிலாளர் பெயர்களைக் கல்லிற் பொறித்தவர் யாருமில்லை. பாலங்கள் இத்தனை, தண்டவாளம் இத்தனை கல் என்று சொல்லும் நினைவுகள் எஞ்சின. மாண்டவர் யாவர் என்பதைச் சொல்ல லயத்துப் பாட்டிமார் மட்டுமே இருந்தனர், அவர்களும் போய்விட்டனர்.

நாடு விடுதலை பெற்றபின் 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. வீடு, மருத்துவம், பள்ளி முதலியவற்றிற்கு அச்சட்டம் வழி செய்தது. அதில் ஒரு பிரிவை நாம் படித்தபோது கண் பனித்தது. மழையினின்றும் குளிரினின்றும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழையங்கி முதலியவற்றைத் தோட்டத்து முதலாளி வழங்குமாறு மாநில அரசுகள் விதி செய்யலாம் என்று அப்பிரிவு கூறியது. முக்கால் நூற்றாண்டுக் காலம் கடனாகத் தோளிற் கிடந்த கம்பளி ஒருவாறு சட்டத்திற்குள் நுழைந்தது. 'செய்யலாம்' என்பது 'செய்ய வேண்டும்' என்பதாக இருந்திருக்கலாம். ஆயினும் எம் மூதாட்டியாரின் நனைந்த தோள் ஒரு நாட்டின் சட்டத்திற்குத் தெரிந்தது பெரிதே.

வீடு கிடைத்தது, ஆனால் அது வேலையோடு கட்டிய வீடு. தோட்டத்தில் பெயர் இருக்கும்வரை லயத்தில் அடுப்பு எரியும். ஓய்வு பெற்றால், வீட்டில் வேறொருவர் பெயர் பதிவாகாவிடின், மூட்டையைக் கட்ட வேண்டும். நான்காம் தலைமுறையும் அப்படியே. தன் ஊரில் குடிசை போடும் ஏழையும் மேட்டைப் பார்த்துத்தான் போடுவான். எந்த ஓடை எந்த ஆண்டு புரண்டது என்று அவன் பாட்டன் சொல்லியிருப்பான். லயமோ நூறாண்டிற்கு முன் எவரோ நீர் வசதியும் வேலைத்தள அண்மையும் கருதி ஓடையோரத்தில் குறித்த இடத்தில் நிற்பது. மழையை உடம்பால் நன்கு அறிந்தவர்கள் நம்மவர். இந்தக் காற்று திரும்பினால் நாளை வெளுக்கும், இந்த மஞ்சு இறங்கினால் மூன்று நாள் விடாது என்று அவர்கள் சொன்னால் தவறாது. அந்த அறிவு எங்கே கொழுந்து கிள்ளுவது என்பதற்குப் பயன்பட்டது. எங்கே உறங்குவது என்பதற்குப் பயன்படவில்லை.

பாலக்காட்டு எல்லையிலும் தமிழர் உளர். ஆனால் அவர்களுடைய மழை வேறு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்கள் கேரளத்தில் இருந்தும் கோவையின் வறட்சியை உடையவை. கரிசல் மண், பனைமரம், ஆழ்குழாய்க் கிணறு. பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்பாட்டின்படி ஆண்டுதோறும் 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் மணக்கடவிலிருந்து சித்தூர்ப் புழைக்கு வர வேண்டும். 1970-இல் கையெழுத்தான அவ்வுடன்பாடு 1958 முதல் செல்லுபடியாகும் என எழுதப்பட்டது. கேரளத்துத் தமிழர் தமிழ்நாட்டிலிருந்து வரும் நீரை எதிர்பார்த்திருப்பதும், தமிழ்நாட்டு மதுரையார் கேரளத்திலிருந்து வரும் நீரை எதிர்பார்த்திருப்பதும் இந்த மலை ஆடும் விளையாட்டு. சித்தூருக்குத் தெற்கே நெல்லியாம்பதி மலையில் ஏறினால் மீண்டும் மூணாற்று மழை, மீண்டும் லயம், மீண்டும் நம்மவர். 2018 ஆகஸ்டு மழையில் அம்மலைச் சாலை பல இடங்களில் சரிந்து, மலை மேலிருந்தோர் நாட்கணக்கில் தனித்துப்போயினர்.

அந்த 2018-ஆம் ஆண்டு குறிஞ்சி பூக்கும் ஆண்டு. பன்னிரண்டு ஆண்டிற்கு ஒரு முறை மலர்வதைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருவார்கள் என்று மூணாறு காத்திருந்தது. வந்தது மழை. இடுக்கி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டன. மூணாற்றிலிருந்து மறையூர் செல்லும் வழியில் பெரியவரைப் பாலம் உடைந்தது. பலர், தொண்ணூற்றொன்பது மீண்டும் வந்துவிட்டது என்றனர். வந்து போய்விட்டது என்றும் எண்ணிக்கொண்டனர்.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6. தமிழ்க் கணக்கில் ஆடி 22. பதினெட்டாம் பெருக்குக் கழிந்த நான்காம் நாள். இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் அன்று ஒரு நாளில் பெய்த மழை 600 மில்லிமீட்டருக்கு மேல். அங்கிருந்த லயங்களில் வாழ்ந்தோரிற் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தினர். அம்மாவட்டத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அவர்களுடைய பாட்டனார் விட்டு வந்த ஊரின் ஓராண்டு மழை, ஒரே பகலிரவில் அவர்கள் கூரை மேல் இறங்கியது. இரவு பதினொரு மணியளவில் மேலே மலை பிளந்து, ஓடையின் வழியே கல்லும் மண்ணும் மரமும் இறங்கி நான்கு லய வரிசைகளை மூடின. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. செய்தி வெளியுலகை எட்டியது மறுநாட் காலையில். எழுபது பேர் மாண்டனர். நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையும் மறைந்த வீடுகள் அவற்றில் உண்டு.

தொண்ணூற்றொன்பதைப் போலன்றி, இம்முறை பெயர்கள் எழுதப்பட்டன. இராஜமலையில் அவர்களை அருகருகே அடக்கம் செய்தனர். கயத்தாற்றில் அந்த ஆகஸ்டில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பெருந்தொற்றுக் காலமாதலால் மாநில எல்லையைக் கடக்க இசைவுச்சீட்டு வேண்டியிருந்தது. உறவினர் அதனை வாங்கிக்கொண்டு, வழியில் மறையூர்ப் பக்கமோ போடிமெட்டோ ஏறி, மலையை அடைந்தபோது மழை இன்னும் விடவில்லை. அவர்களிற் சிலர் குடையும் கொண்டுவரவில்லை. எடுத்து வைக்கும் வழக்கம் அவ்வூரில் ஆடித் திங்களில் இல்லை. லயத்தில் எஞ்சியிருந்தோர் தங்கள் கம்பளிகளை அவர்களுக்குக் கொடுத்தனர் என்று அங்குச் சென்று மீண்ட அன்பர் ஒருவர் நமக்குக் கூறினார்.